கோட்டைக்குப் போன கரடி பொம்மைக்கு நடக்கிற அநியாயம்

வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோன டெடி பியர்னா தட்டினாலே தூசி போயிடும். 1620-ல டேனிஷ்காரங்க கட்டின தரங்கம்பாடி கோட்டை அப்படியில்லீங்க, கடல் பக்கத்துலயே இருக்கு. மதில் மேல உட்கார வெச்சுப் படம் எடுத்துட்டு, வீட்டுக்கு வந்ததும் நேரா சோப்புத் தண்ணில முக்குறாங்க பாருங்க, வயிறு எரியுது! ஈரம் பட்டா மணல் ரோமத்தோட அடியில ஒட்டிக்கும். முதல்ல காய்ஞ்சபடியே தலைகீழா உதறி, பழைய டூத் பிரஷ்ஷால எதிர்த்திசையில தேய்ங்க. காது மடிப்பு, அக்குள் தையல், அங்கதான் மணல் நிக்கும். அப்புறம் ஈரத்துணியால உப்பைத் துடைங்க. விட்டுட்டா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிசுபிசுன்னே இருக்கும். பாடுற பொம்மைன்னா பேட்டரிப் பெட்டியைக் கழட்டாம தண்ணியே காட்டக்கூடாது. நம்ம ஊர் வெயில்ல ரோமம் சட்டுனு காய்ஞ்சிடும், உள்ள பஞ்சு காயாது. அதை அமுக்கிக்கூடப் பாக்காம குழந்தைகிட்ட குடுத்துட்டு, நாத்தம் வந்ததும் குப்பையில போடுறாங்களே!