கடைசி எபிசோடை மட்டும் பார்த்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது, ஞாயிறுதோறும் சேர்ந்து தொடர் பார்க்கிற நம் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் முழுக்கதையையும் இங்கே திரும்பச் சொல்லவில்லை. ஒன்பது பேர் கை தூக்கினீர்கள், மூன்று பேர் தூக்கவில்லை. சிகாகோ மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் நடக்கிற அமெரிக்கத் தொடரான ஈ.ஆர். தொடரின் 15வது சீசனை, அதாவது கடைசிச் சீசனைத் தாண்டிவிடுவது, கடைசி எபிசோடை மட்டும் பார்த்து முடித்துக்கொள்வது என்று முடிவானது. கை தூக்காத மூவரில் நான் ஒருத்தி.

அன்றைக்கே பேசியிருக்கலாமே என்று இரண்டு பேர் உள்பெட்டியில் கேட்டார்கள். பேசினேன். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு தம்பி, "அக்கா, சீரியல்தானே, விடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் மைக்கை அணைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மூன்று நாளாகக் காதில் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1994 செப்டம்பர் 19 முதல் 2009 ஏப்ரல் 2 வரை, மொத்தம் 331 எபிசோடுகள். அதில் 309 பார்த்துவிட்டோம். டாக்டர் மார்க் கிரீன் இறந்த எபிசோட் முடிந்ததும் அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. மருத்துவ மாணவி லூசி கத்திக்குத்து பட்டுக் கிடந்த அந்த வாரம் இரண்டு பேர் தூங்கவில்லை என்று எழுதினீர்கள். இவ்வளவு தூரம் வந்த பிறகு, மிச்சமிருக்கிற 22ல் 21ஐ விட்டுவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் பார்ப்போம் என்கிறீர்கள். எனக்கு இது புரியவே இல்லை. ஒரு வீட்டை விட்டு எல்லோரும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவதைப் பார்க்காமல், பூட்டுப் போடுகிற நேரத்துக்கு மட்டும் வந்து நின்றால் அந்தப் பூட்டுக்கு என்ன அர்த்தம்?

நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதையாவது யோசியுங்கள். 14வது சீசன் ஆம்புலன்ஸ் வெடித்ததோடு நிற்கிறது. யாருக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. 15வது சீசனின் முதல் எபிசோடில்தான் அது தெரிகிறது: டாக்டர் கிரெக் பிராட். தன் பிரிவிலேயே, தன்னோடு வேலை பார்த்தவர்களின் கைகளிலேயே அவர் இறந்துபோகிறார். தினமும் யாரோ ஒருவருக்குச் செய்கிற அதே வேலையை அன்றைக்கு அவர்கள் தங்கள் ஆளுக்குச் செய்கிறார்கள். டாக்டர் ஆர்ச்சி மோரிஸ் என்கிற கோமாளியை நாம் எத்தனை சீசனாகத் திட்டியிருக்கிறோம்! பிராட் போன பிறகு அவர் வேறு மனிதராகிறார். கடைசி எபிசோடில் இருக்கிற மோரிஸ் இந்த 21 எபிசோடில் உருவானவர். நீங்கள் நேராகக் கடைசிக்குப் போனால், கோமாளி மோரிஸ் எப்படி இப்படி ஆனார் என்று கேட்பீர்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், நான்கூட.

"பழைய நட்சத்திரங்களைக் கூப்பிட்டு வந்து ஏக்கத்தை விற்ற சீசன்" என்று குழுவை நடத்துகிற அண்ணன் சொன்னார். அண்ணன்மேல் எனக்கு மரியாதை உண்டு, இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் நடத்துகிறவர். ஆனால் அவரே இந்தச் சீசனைப் பார்க்கவில்லை, எங்கோ படித்ததைச் சொல்கிறார். எப்போதோ விலகிப்போன டாக்டர் டக் ராஸும் நர்ஸ் கேரல் ஹாதவேயும் வருவது ஒரே ஒரு எபிசோடில். அதில் அவர்கள் சிகாகோவுக்கே வருவதில்லை. சியாட்டிலில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார்கள். பேரன் மூளைச்சாவு அடைந்து கிடக்க, ஒரு பாட்டியிடம் உறுப்பு தானம் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பையனின் சிறுநீரகம் அவர்களோடு முன்பு வேலை பார்த்த டாக்டர் ஜான் கார்ட்டருக்குப் போகிறது. டக்குக்கும் கேரலுக்கும் அது கடைசிவரை தெரியாது. யாரோ ஒரு டாக்டருக்காம், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கட்டிப்பிடித்து அழுகிற காட்சி ஒன்று வைத்திருந்தால் விளம்பரத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். வைக்கவில்லை. ஏக்கத்தை விற்கிறவர்கள் இப்படியா விற்பார்கள்?

அதே எபிசோடில்தான் பழைய அறுவை டாக்டர் பீட்டர் பென்டன் வருகிறார். கார்ட்டருக்குச் சிறுநீரகம் கெட்டது எதனால் என்று நினைவிருக்கிறதா? லூசி இறந்த அதே கத்திக்குத்தில் அவருக்கு ஒரு சிறுநீரகம் போனது. ஆறாவது சீசனில் பட்ட காயத்துக்கு 15வது சீசனில் வைத்தியம் நடக்கிறது. முதல் நாள் மருத்துவ மாணவனாக வந்து நின்ற கார்ட்டரை விரட்டி விரட்டி வேலை வாங்கியவர் பென்டன். இப்போது அறுவை அறையில் அவர் வெறுமனே பக்கத்தில் நிற்கிறார். நின்றுகொண்டு, அறுவைக்கு முன் சரிபார்க்க வேண்டிய பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். அறுவை செய்கிற டாக்டருக்கு எரிச்சல். பென்டன் விடுவதில்லை.

இந்தப் பட்டியல் எழுத்தாளர்களின் கற்பனை இல்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயின் குழு எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தது அது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009 ஜனவரியில் ஆய்வு வெளியானது. மார்ச் 12ஆம் தேதி எபிசோடில் பென்டன் அதைக் கையில் எடுத்துவிட்டார். இரண்டே மாதம்! 15 வருடம் ஓடிக் களைத்துப்போன தொடர் என்று சொல்கிறீர்களே, களைத்துப்போனவர்களா இப்படி வேலை செய்வார்கள்? எனக்கு அந்தக் காட்சியில் மருத்துவ விஷயம்கூட இரண்டாவதுதான். பாசத்தை வாயால் சொல்லத் தெரியாத ஒரு மனிதர், தன் மாணவனுக்காக ஒரு பட்டியலை வரிவரியாகக் கேட்கவைக்கிறார். அவருக்குத் தெரிந்த வழி அது. என் அப்பாவுக்கும் அந்த மாதிரி வழிதான் தெரியும். ஊருக்குக் கிளம்பும்போது "பத்திரம்" என்று சொல்ல மாட்டார். பையின் ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார்.

சரி, அப்பாவைப் பற்றி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சொல்ல நினைத்தது இதைத்தான், சொல்லவிடவில்லை.

அப்பா 19 நாள் மருத்துவமனையில் இருந்தார். அக்கா 19 நாளும் கூடவே இருந்தாள். நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். ஏதாவது முக்கியம் என்றால் சொல், உடனே வந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அப்போது அது பொறுப்பான பேச்சாகத்தான் தோன்றியது. 18ஆம் நாள் இரவு அக்கா கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது குழாய்களும் கருவியின் சத்தமும்தான் இருந்தன. மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது.

அப்போது ஒன்று நடந்தது. ஒரு நர்ஸ் கதவருகே நின்று அழுதுகொண்டிருந்தார். இவர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அக்கா எழுந்து போய் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் கை வைத்துத் தேற்றினாள். அப்பாவைப் பறிகொடுத்தவள் நர்ஸைத் தேற்றிக்கொண்டிருந்தாள், நான் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரவில் தூக்கம் வராமல் அப்பா அந்த நர்ஸுக்குத் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்வாராம். பக்கத்துப் படுக்கைக்காரரோடு செய்தித்தாளைப் பங்கு போட்டுக்கொள்வாராம், நடுப்பக்கம் யாருக்கு என்று சண்டைகூட நடந்ததாம். பதினோராம் நாள் நன்றாகத் தேறி, எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்கவைத்தாராம். அக்காவிடம் 19 நாள் இருக்கிறது. என்னிடம் ஒரு மத்தியானம் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அப்பா என்றால் அக்காவுக்குப் பதினோராம் நாள் ஞாபகம் வருகிறது, எனக்கு அந்தக் கருவியின் சத்தம் வருகிறது.

ஒரு சீரியலையும் அப்பாவின் சாவையும் ஒன்றாக வைக்கிறாயா என்று யாராவது கேட்பீர்கள். ஒன்றாக வைக்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியாதா? முக்கியமான கட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்த ஆள் நான், அதனால் என்ன இழந்தேன் என்று எனக்குத் தெரியும் என்று சொல்கிறேன். நீங்கள் கை தூக்கியபோது எனக்கு என் குரல்தான் கேட்டது. "முக்கியம்னா சொல்லு, வந்துடறேன்."

இன்னொரு வாதம், பிந்தைய சீசன்கள் மட்டம் என்பது. ஒத்துக்கொள்கிறேன், மட்டமானவை உண்டு. ஹெலிகாப்டர் வந்து ஒரே ஆளை இரண்டு தடவை தாக்கியதையும் உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே நாம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிற கடைசிச் சீசனை விடுவேன் என்பது என்ன நியாயம்? கடைசிச் சீசனில் டாக்டர் பிரென்னர் வருகிற பகுதி எனக்கும் பிடிக்கவில்லை. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

கேத்தரின் பான்ஃபீல்டைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஏஞ்சலா பாசெட் இந்தச் சீசனில்தான் வருகிறார். புதிய தலைமை டாக்டர், கடுகடுவென்று இருக்கிறார், யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசி வருடத்தில் ஒரு புது ஆளா என்று எனக்கும் கோபம் வந்தது. ஏழாவது எபிசோடில் கதை 2002க்குப் போகிறது. அவருடைய சின்ன மகனுக்கு ரத்தப் புற்றுநோய். கதை நடக்கிற இதே கவுண்டி ஜெனரல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். அன்றைக்கு அங்கே பணியில் இருந்தவர் மார்க் கிரீன். ஆமாம், நம் மார்க் கிரீன், தானே புற்றுநோயோடு இருந்த நாட்களில். டாக்டராக இருந்தும் ஒரு அம்மாவால் மகனைக் காப்பாற்ற முடியாமல்போன இடத்துக்கே, அவர் திரும்ப வேலைக்கு வந்திருக்கிறார். கிரீனுக்காக அரை மணி நேரம் மௌனமாக இருந்த அதே குழு, கிரீன் திரும்பி வருகிற எபிசோடை வேண்டாம் என்று கை தூக்கியிருக்கிறது. தெரியாமல்தான் தூக்கினீர்கள். அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

இந்தத் தொடருக்கு விதை போட்ட மைக்கேல் கிரைட்டன் மருத்துவம் படித்தவர். 1974ல் எழுதிய திரைக்கதை அது, தொலைக்காட்சிக்கு வர 20 வருடம் காத்திருந்தது. இந்தக் கடைசிச் சீசன் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2008 நவம்பர் 4ஆம் தேதி அவர் இறந்துபோனார். தான் தொடங்கிவைத்தது எப்படி முடிந்தது என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நமக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, நாம் வேண்டாம் என்கிறோம்.

மூன்றாவது எபிசோடில் ஆபி கிளம்புகிறாள். நர்ஸாக இருந்து, படித்து, டாக்டராகி, குடியில் விழுந்து எழுந்த ஆபி. பெரிய விருந்து எதுவும் இல்லை. நர்ஸ் ஹேலே அவளை ஒரு சுவரிடம் கூட்டிக்கொண்டு போகிறார். இதற்கு முன் அங்கே வேலை பார்த்துவிட்டுப் போனவர்களின் லாக்கர் பெயர்ப்பட்டைகள் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. 14 சீசனாக நாம் உச்சரித்த பெயர்கள். ஆபி தன் பெயரையும் அங்கே வைத்துவிட்டுப் போகிறாள். ஹேலே முதல் எபிசோடிலிருந்து இருப்பவர். அவரை நாம் எத்தனை முறை தனியாகப் பேசியிருக்கிறோம்? யோசித்துப் பார்த்தேன், ஒரு முறைகூட இல்லை. எல்லா டாக்டர்களும் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு, பெயர்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இருந்தது அவர்தான்.

இந்தக் காட்சியைத் தனியாகப் பார்த்த இரவு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் இந்தத் தொடரில் ஒரு எபிசோட்கூடப் பார்த்ததில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த நர்ஸ் பேரும் சுவத்துல இருக்கா?" என்றாள். இல்லை, அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அந்த மருத்துவமனை நர்ஸைப் பற்றிச் சொன்னாள். போன மாதம்கூடப் பேசினார்களாம். எனக்கு அவர் பெயரே மறந்துபோயிருந்தது.

கடைசி எபிசோடைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடக் கூடாது, நீங்கள் அதையாவது பார்க்கப்போகிறீர்களே. முதல் எபிசோடை இயக்கிய ராட் ஹோல்காம்ப்தான் கடைசியையும் இயக்கினார், அதற்கு எம்மி விருதும் வாங்கினார். முதல் எபிசோடில் தூங்கிக்கொண்டிருந்த மார்க் கிரீனை நர்ஸ் லிடியா எழுப்புவார், நினைவிருக்கிறதா? கடைசி எபிசோடில் அதே லிடியா மோரிஸை எழுப்புகிறார். மோரிஸ் எழுந்து உட்காரும்போது நெஞ்சில் ஏதாவது நடக்க வேண்டும் என்றால், பிராட் இறந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மார்க்கின் மகள் ரேச்சல் மருத்துவம் படிக்க இடம் தேடி அந்த மருத்துவமனையைப் பார்க்க வருகிறாள். ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கார்ட்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, "டாக்டர் கிரீன், வர்றீங்களா?" என்று கேட்கிறார். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது. கேமரா பின்னால் போய்ப் போய், 15 வருடமாக உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த நமக்கு முதல்முறையாக அந்த மருத்துவமனை முழுசாகத் தெரிகிறது.

அதை முழுசாகப் பார்க்க உங்களுக்கு இன்னும் 21 எபிசோட் பாக்கி இருக்கிறது. நான் குழுவை விட்டுப் போகவில்லை, யார்மேலும் கோபம் இல்லை. அந்தத் தம்பிமேல் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. அண்ணன் வரும் ஞாயிறு கடைசி எபிசோட் போடுகிறார், அதற்கு நான் வரவில்லை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு 15வது சீசனின் முதல் எபிசோடிலிருந்து போடுகிறேன், வாரம் இரண்டு. கை தூக்காத மற்ற இரண்டு பேரும் வருகிறார்கள். அக்காவும் வருகிறேன் என்றாள், அவளுக்கு யார் யார் என்று நான் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள்.