மேக்ஸ்வெல் கடைக்கு மிஷலின் நட்சத்திரமா?

சிங்கப்பூர் மேக்ஸ்வெல் உணவு நிலையத்தில் உள்ள தியன் தியன் ஹைனான் சிக்கன் ரைஸ் கடை மிஷலின் நட்சத்திரம் (டயர் நிறுவனமான மிஷலின் தன் உணவக வழிகாட்டியில் தரும் உயர் அங்கீகாரம்) வாங்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். சின்னத் திருத்தம்: அந்தக் கடைக்குக் கிடைத்தது நட்சத்திரம் இல்லை, பிப் கூர்மான்ட். கட்டுப்படியாகும் விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்கு மிஷலின் தரும் தனி அங்கீகாரம் அது. சிங்கப்பூருக்கான முதல் பட்டியல் 2016-ல் வந்தபோது பிப் கூர்மான்டுக்கான விலை வரம்பு 45 சிங்கப்பூர் டாலர். அதே ஆண்டு நட்சத்திரம் பெற்ற ஹாக்கர் கடைகள் (உணவு நிலையங்களில் உள்ள சிறு சாப்பாட்டுக் கடைகள்) இரண்டுதான்: ஹில் ஸ்ட்ரீட் தாய் ஹ்வா நூடுல்ஸ், இன்னொன்று சைனாடவுன் சோயா சாஸ் சிக்கன் கடை. பின்னது 2021-ல் நட்சத்திரத்தை இழந்தது.

நீங்களே சரிபார்க்கலாம். கடை முகப்பில் ஒட்டியிருப்பதை உற்றுப் பாருங்கள். மிஷலினின் சின்னமான டயர் பொம்மை நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கினால் அது பிப் கூர்மான்ட். ஆறு இதழ் பூ மாதிரி இருந்தால் நட்சத்திரம். அப்புறம் ஆண்டையும் பாருங்கள், பழைய ஸ்டிக்கரை யாரும் அவ்வளவு சீக்கிரம் கிழிப்பதில்லை! இந்த ஆண்டு நிலவரம் வேண்டுமென்றால் மிஷலின் கைடு இணையதளத்தில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்துக் கடைப் பெயரைத் தேடினால் போதும், இலவசம்தான்.