பக்கிங்காம் கால்வாயில் தூர்வாரினால் மட்டும் படகு ஓடுமா?

"சேறு அள்ளினால் போதும், மறுநாளே சென்னையிலிருந்து ஆந்திராவுக்குப் படகு விடலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

1806-இல் எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய இந்தக் கால்வாய், கடலேற்றத்தை, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, நம்பி ஓடியது. ஆறுகளைக் கடக்கும் இடங்களில் லாக் எனப்படும், திறந்து மூடும் நீர்த்தடுப்புக் கதவுகள்தான் நீர்மட்டத்தைப் பிடித்து வைத்தன. கதவு இல்லாமல் எவ்வளவு ஆழம் தோண்டினாலும், கடல்மட்டம் இறங்கும்போது கால்வாய்த் தண்ணீரும் இறங்கிவிடும். கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொண்டால் கடலேற்றமே உள்ளே வராது.

நகருக்குள் சிக்கல் இன்னும் பெரிது. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. தூணைச் சுற்றி ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சிக்கி, அதன் பின்னால் சேறு படிகிறது. தூணருகே கண்டபடி ஆழப்படுத்தவும் கூடாது, அடித்தளம் பலவீனமாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கி.மீ. நீளம், 25 மீட்டர் அகலம், 1 மீட்டர் சேறு என்றால் 25,000 கன மீட்டர். 10 கன மீட்டர் டிப்பரில் 2,500 நடை. அள்ளியதைக் கரையிலேயே கொட்டினால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். சாக்கடை கலந்த சேறு என்பதால், உலோக நச்சு இருக்கிறதா என்று சோதிக்காமல் வயலுக்கும் கொடுக்கக் கூடாது.

2008-இல் இது தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது உண்மை. அறிவிப்பு வேறு, ஆழம் வேறு. முதலில் கழிவுநீர்க் குழாய்களைத் திருப்ப வேண்டும். பிறகு முகத்துவாரம், லாக், படகை மறிக்கும் தாழ்வான பாலங்கள் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். தூர்வாருவது அதற்குப் பிறகுதான்.