ஸ்கோப்பில் தெரியாத நோவு

குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி, ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக உளவுடல் மருத்துவ (மனமும் உடலும் சேர்ந்த நோய்களைப் பார்க்கும் துறை) ஆய்வாளர் நொபுயுகி சுடோ செய்த ஆய்வை விளக்கிய உங்கள் கட்டுரைக்கு நன்றி ஐயா. அவரது குழு 2004இல் வெளியிட்ட சுண்டெலிப் பரிசோதனையை எல்லோரும் கவனிக்க வேண்டும். கிருமியே படாமல் வளர்த்த எலிகளை அசையவிடாமல் அடைத்து வைத்தபோது, சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு மன அழுத்த ஹோர்மோன் கூடுதலாக ஏறியது. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற ஒரே பக்டீரியாவைக் குடலில் குடியேற்றிய எலிகளிடம் அந்த மிகையான ஏற்றம் இல்லை. சாதாரண எலிகளின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது இளம் பருவத்தில் மட்டும் ஓரளவு பலன் கிடைத்தது, பிந்தினால் இல்லை.

மட்டக்களப்பு கல்லடியில் என் பெரியம்மா சுனாமிக்குப் பிறகு வயிற்றெரிவோடுதான் இருக்கிறார். மாரியில் கடல் இரைச்சல் கூடினால் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார், இரண்டு வாய்க்குமேல் இறங்காது. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் ஸ்கோப்பில் புண் இல்லை. "ஒரு வருத்தமும் இல்லையம்மா, யோசிக்காமல் இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நோவு அப்படியே இருக்கிறது. குடலும் மூளையும், இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் ஹோர்மோன் வழியாகவும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன என்று தெரிந்த பிறகும் இப்படிச் சொல்லலாமா?

அதற்காக, பக்டீரியா இருக்கிறதென்று நம்மூர் எருமைத் தயிர் மனப்பாரத்தை இறக்கும் என்று வட்ஸ்அப்பில் பரப்பிவிடாதீர்கள், இது எலிகளில் கண்டது. சரி, மருந்து வரும்போது வரட்டும். வயிற்று நோவோடு வருகிறவரிடம் நித்திரை எப்படி, யாரை இழந்தீர்கள் என்று கேட்டு, தேவையென்றால் மனநலப் பிரிவுக்கும் அனுப்புவதை இன்றைக்கே தொடங்கலாம்.