கழிச்சா குறையணும்லா?

நேத்து ராத்திரி அக்கா மவனுக்கு கணக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். 42ல 17 போனா மிச்சம் எவ்வளவுலன்னு கேட்டா, "மைனஸ்னு சொல்லுங்க மாமா"ங்கான். மைனஸ்னா என்னலன்னேன், ஒரு கோடுன்னுட்டான். கழிக்கதுல, கழிச்சா குறையும்னு சொன்னதுதான் தாமதம், "ரெண்டு நாள் கழிச்சு வாரேன்னு சொல்லிட்டு நாலு நாள் கழிச்சுத்தான வந்திய, நாளு கூடத்தான செஞ்சுது"ன்னு புடிச்சுக்கிட்டான். நம்ம ஆயுசுலதாம்ல கழியுதுன்னு அந்தப் பயகிட்ட எப்படிச் சொல்ல.

ஆனா அவன் கேட்டதுல விஷயம் இருக்கு. நன்னூல்ல "சால உறு தவ நனி கூர் கழி மிகல்"னு வருது, அதாவது கழின்னா மிகுதி. கழிபேருவகைன்னா ரொம்பப் பெரிய சந்தோஷம். அதே நன்னூல்லதான் பழையன கழிதலும்னும் வருது, அங்க இல்லாமப் போறது. எனக்கு என்ன தோணுதுன்னா ரெண்டுக்கும் அடியில இருக்கது தாண்டிப் போறதுதான், அளவைத் தாண்டுனா மிகுதி, நம்மளைத் தாண்டிப் போயிட்டா கழிவு. எங்க ஆச்சி உப்பும் வத்தலும் சுத்திப் போட்டு திருஷ்டி கழிப்பாவ, அதுலயும் எங்களைத் தாண்டிப் போவட்டும்ங்கதுதான் கணக்கு. மைனஸை வச்சு திருஷ்டி கழிக்க முடியுமா சொல்லுங்க.

தள்ளுபடியும் இப்படித்தான். கடன் தள்ளுபடின்னா வெடி போடுவோம், மனு தள்ளுபடின்னா தலையில துண்டு. சம்பளத்துல புடிக்கதுக்குப் பிடித்தம்னு பேரு வச்சவன் மட்டும் கையில கெடச்சா இருக்கு அவனுக்கு.

ஆனா இந்த வார்த்தைகளை வச்சு வெளையாடுறதுல நகைக்கடைக்காரங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. போன மாசம் அக்காவோட பழைய செயினை மாத்த டவுன்ல ஒரு கடைக்குப் போனோம். தராசுல 8 கிராம், சரியா ஒரு பவுன். அழுக்கு இருக்கு, கொக்கியில பொடி இருக்குன்னு ஒரசிப் பாத்துட்டு முக்கால் கிராம் கழிச்சாவ. சரி போவட்டும்னு புதுசு எடுத்தா சேதாரம்னு 12 சதவீதம் ஏத்துதாவ. சேதாரம்னா வேலை செய்யும்போது வீணாப் போற தங்கம்லா? எங்க நகையில போனது எங்களுக்குக் கழிவு, ஒங்க பட்டறையில போனதும் எங்களுக்குக் கூட்டலா, இது எந்த ஊரு கணக்கு அண்ணாச்சின்னு கேட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே "எல்லாக் கடையிலயும் இதான் தம்பி"ன்னு சொல்லி பையனைக் கூப்புட்டு ஆளுக்கொரு கலர் ஒடைச்சுக் குடுக்கச் சொன்னாரு.

எனக்கு எறங்கல, என் பங்கையும் சேத்து மருமவன்தான் குடிச்சான். பில்லை ரெண்டு தடவை பாத்தேன், கலருக்குக் காசு சேக்கல.