அது ஆப்பிரிக்கக் கெளுத்தி இல்லண்ணே, நம்ம வாளை

கண்மாயில கெண்டைக்குத் தூண்டில் போட்டவருக்கு மூணடி மீன் மாட்டுன படத்தைப் பார்த்துட்டு, "தடை செஞ்ச ஆப்பிரிக்கக் கெளுத்தி, கண்ட இடத்துல அடிச்சுக் கொல்லுங்க"ன்னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்காரு.

படத்தைப் பெருசாக்கிப் பாருங்கண்ணே. மீசை நாலுதான். முதுகுத் துடுப்பு சுண்டுவிரல் அளவு. வாய் கண்ணையும் தாண்டிக் கிழிஞ்சிருக்கு. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு மீசை எட்டு, முதுகுத் துடுப்பு கிட்டத்தட்ட வால் வரைக்கும் ஓடும், தலை தட்டையா இருக்கும். அதை வளர்க்க 2000லயே தடை வந்தது உண்மைதான். அந்தப் பழியை வாளை மேல போட்டா எப்படி? உலக அளவுல அழியுற உயிரினங்களைப் பட்டியல் போடுற ஐ.யூ.சி.என். அமைப்போட பட்டியல்ல வாளையே அழியுற ஆபத்துல இருக்கிற மீனு.

காரைக்குடிப் பக்கம் மீன்பிடித் திருவிழாவுல ஊத்தாவுக்குள்ள (மீனைக் கவுத்துப் பிடிக்கிற கூடை) வாளை விழுந்தா, கையை விட யோசிப்போம். பல்லு அரம் மாதிரி.