கவுன்சிலர் இல்லாத ஐந்து வருஷம்

2018-ல் எங்கள் தெருமுனை விளக்கு எரியாமல் போனது. யாரிடம் சொல்வது? கவுன்சிலரே கிடையாது. அலுவலகத்துக்குப் போனால், "தனி அலுவலர்தான் பார்க்கணும் சார், மனுவை வச்சிட்டுப் போங்க" என்றார்கள். கவுன்சிலர்கள் இல்லாதபோது அரசு நியமிக்கும் அதிகாரிதான் இந்தத் தனி அலுவலர். மனுவில் ஒரு முத்திரை, ஒரு நம்பர். அத்தோடு சரி. அப்புறம் டார்ச்சும் கையுமாகத்தான் பால் வாங்கப் போனேன்.

தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நடக்கவே இல்லை. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் கோளாறு என்று நீதிமன்றம் ரத்து செய்தது, அது நியாயம்தான். ஆனால் அதைத் திருத்த எத்தனை நாள் ஆகும்? வார்டு மறுவரையறை, புது மாவட்டம், மறுபடி வழக்கு என்று இழுத்து, பெரும்பாலான கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்! கவுன்சிலரின் பதவிக்காலமே ஐந்து வருஷம்தான் ஐயா. ஒரு முழு ரவுண்டு காணாமல் போச்சு.

தேர்தல் வேண்டாம் என்று யாராவது வாய் திறந்து சொன்னார்களா? மாட்டார்களே. "விரைவில் நடத்தப்படும்", அவ்வளவுதான். தோற்கிற பயம் இருக்கிறவருக்கு இதைவிட வசதி ஏது? 2019-ல் தேர்வான ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் காலம் முடிந்தது. அங்கே மறுபடியும் தனி அலுவலர்!

டார்ச்சைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.